தோலை மிதிக்காதே

ரூலன் விழுந்ததை மார்னி பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. பாறை மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியவனின் சைக்கிள் கணீரென்று ஒருமுறை அடித்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவளுடைய அண்ணன் விழுந்தால் முதலில் ஒரு வசவு வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு வரும். இரண்டுக்காகவும் பிரேக்கைப் பிடித்தபடி காத்திருந்தாள். சற்றுத் தாமதமாகச் சிரிப்பு மட்டும் வந்தது.

அக்டோபர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை அது. அந்த வாரம் மான் வேட்டை தொடங்கும். ஊர் ஆண்களில் பாதிப்பேர் துப்பாக்கியோடு வடக்கே மலைக்குப் போய்விடுவார்கள். ஊருக்கு மேலே உச்சி தட்டையாக நிற்கும் மேசைமலை காலியாகக் கிடக்கும். அதற்காகவே அண்ணனும் தங்கையும் பன்னிரண்டு வருடமாக அந்தச் சனிக்கிழமையைத் தங்களுக்கென்று வைத்திருந்தார்கள். வெயில் இருக்கும், சூடு இருக்காது. கீழே பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டிய மரங்கள் மஞ்சளாகியிருக்கும். அன்று காலையிலிருந்து அவர்கள் வேறு ஒரு மனித முகத்தையும் பார்க்கவில்லை. அதைச் சொல்லிக் காலையில் ரூலன் சந்தோஷப்பட்டிருந்தான்.

அவள் மேட்டைத் தாண்டி இறங்கியபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். முன்சக்கரம் ஒரு பிளவில் மாட்டியிருக்கிறது. ஆள் வலப்பக்கமாகச் சாய, திரும்பிக்கொண்ட ஹேண்டில்பாரின் நுனி இடது விலாவுக்குக் கீழே குத்தியிருக்கிறது. சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். கால் டாலர் நாணயம் அளவுக்கு ஒரு சிவந்த வட்டம். தோல்கூடக் கிழியவில்லை.

"பிஸ்கட் அச்சு வெச்சு அமுக்கின மாதிரி இருக்கு பாரு" என்றான் ரூலன். "அடுப்புல வெச்சா எடுத்துத் தின்னுடலாம்."

திரும்பிவிடலாமா என்று அவள் கேட்டாள். ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாகவா விழுகிறேன் என்று அவன் கேட்டான்.  பண்ணைகளுக்குத் தண்ணீர் இறைக்கும் எந்திரங்களைப் பழுதுபார்ப்பவன் அவன். விரல் நசுங்கினாலும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவான். அவர்கள் தொடர்ந்து ஓட்டினார்கள்.

அந்தப் பாறைக்குப் பெயர்தான் வழுக்குப்பாறை. சைக்கிள் ரப்பர் அதில் பல்லிபோல ஒட்டும். மண்பாதை எதுவும் கிடையாது. பாறையின்மேல் இருபது முப்பது அடிக்கு ஒன்றாக வெள்ளைப் பெயிண்டில் புள்ளிகள் வைத்திருப்பார்கள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளியைத் தேடிப் போவதுதான் வழி. எப்போதும் முன்னால் போகிற ரூலன் அன்று அவளை முன்னால் போகச் சொன்னான். அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவன் சிறு ஏற்றத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் தள்ளி அவள் பார்த்ததில்லை.

'மார்னி மரம்' என்று அவர்கள் சொல்லும் மரத்தடிக்கு வந்து இருவரும் உட்கார்ந்தார்கள். அது ஒரு கிழட்டு ஜூனிப்பர். அந்தப் பெயரை வைத்தவன் ரூலன்தான். மேசைமலை அங்கிருந்து ஒடுங்கி, ஒரு மெல்லிய கழுத்தாகி, கடைசியில் முனை என்று எல்லோரும் சொல்லும் பாறையில் முடியும். கழுத்தின் இரண்டு பக்கமும் எண்ணூறு அடி வெற்றுக் காற்று. மார்னிக்கு உயரம் ஆகாது. ஒவ்வொரு வருடமும் அவள் இந்த மரத்தடியிலேயே நின்றுவிடுவாள். அவன் மட்டும் முனைக்குப் போய்வருவான். "உன்ன விசாரிச்சுது முனை. மூட்டு வலின்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்பான் திரும்பி வந்ததும். வருடத்துக்கு ஒரு நோவு சொல்லுவான்.

அன்று அவன் முனைப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கொடுத்த தண்ணீர்ப் போத்தலை ஒரே மூச்சில் காலி செய்தான். வேர்க்கடலை வெண்ணெய் தடவிச் சுருட்டிய ரொட்டியை வேண்டாமென்றான். கொட்டாவி விட்டான். திரும்பத் திரும்பக் கொட்டாவி. உதடு பாறைத்தூள் நிறத்துக்கு வந்திருந்தது.

தோள் வலிக்கிறது என்றான்.

"எந்தத் தோளு?"

அவன் இடத்தோளைத் தொட்டுக் காட்டினான்.

விழுந்தது வலப்பக்கம். வலிப்பது இடத்தோள். அது என்னவென்று மார்னிக்குத் தெரியாது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், மருத்துவம் படித்தவளில்லை. ஆனால் எதுவோ ஒன்று தன் இடத்தில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அவன் நெற்றியில் கை வைத்தாள். வேர்த்திருந்தது. வேர்வை சில்லென்று இருந்தது. காற்றில் ஜூனிப்பர் கிளைகள் உரசும் சத்தத்தைத் தவிர அந்த மலையில் வேறு சத்தமே இல்லை. காலையில் அழகாயிருந்த அதே மௌனம்தான்.

தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அந்த மரத்தடியில் என்றைக்கும் இருந்ததில்லை. வண்டி நிறுத்திய இடத்துக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம். ஊர் நேர்கீழே தெரிகிற ஒரே இடம் முனை. இரண்டு பேரும் அதை நினைத்தார்கள். சொன்னவன் அவன்தான்.

"முனைக்குப் போ, சின்னவளே. அங்க நின்னா ரெண்டு கோடு கிடைக்கும்."

"உட்கார்ந்துகிட்டுப் பேசினா?"

"கிடைக்காது. நானும் பார்த்திருக்கேன். நிக்கணும்."

அவள் கையுறையைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். தன் மேல்சட்டையை அவன்மேல் போர்த்தினாள். ஹெல்மெட்டைத் தலைக்கு அணையாக வைத்தாள். சைக்கிளை எடுத்தபோது பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. எப்போதும்போல இல்லை, ஆனாலும் கேலி இருந்தது.

"மார்னி, தோலை மிதிக்காதே."

மரத்துக்கும் முனையின் கழுத்துக்கும் நடுவில் ஒரு மண்வெளி இருந்தது. அதன்மேல் கறுப்பாக, சிறு சிறு கோபுரங்களாக எழும்பி ஒரு மேலோடு படர்ந்திருக்கும். அதைத்தான் அங்கே தோல் என்பார்கள். பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்தது, உயிருள்ளது. பாலைவனத்து மண் காற்றில் பறந்துவிடாமல் பிடித்துவைத்திருப்பது அதுதான். ஒரு காலடி பட்டால் உடையும். உடைந்தது ஆற ஐம்பது வருடம் ஆகும். அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுத்து படிப்பதற்கு முன்னால் இதைப் படிப்பார்கள்: பாறையில் மிதி, ஓடை மணலில் மிதி, தோலில் மட்டும் மிதிக்காதே. ரூலனோ ஒருபடி மேல். முன்பின் தெரியாத பெரிய மனிதர்களைக்கூட நிறுத்தி, வந்த வழியே அவர்களுடைய சொந்தக் காலடியிலேயே பின்வாங்கி வரச் சொல்வான்.

வெள்ளைப் புள்ளிகள் அந்த மண்வெளியைச் சுற்றிக்கொண்டு, விளிம்போரமாக, மேடும் பள்ளமுமான பாறைகளின்மேல் போயின. குறுக்கே பார்த்தால் எதிரே கழுத்து தெரிந்தது. கால் மைல்கூட இல்லை.

மார்னி அந்தக் கறுப்பு வெளியின் ஓரத்தில் ஒரு காலை ஊன்றி நின்றாள். குறுக்கே போய்விடலாம் என்று மனம் சொன்னது. எந்த மனம் என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. விளிம்பில் ஓட்டப் பயப்படுகிற மனம்தானே இது? பன்னிரண்டு வருடமாக மரத்தடியில் உட்கார வைத்த அதே மனம்தானே? உன் பயத்துக்கு அவனைச் சாக்காகச் சொல்லாதே என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள். அதோடு, கால் எழவுமில்லை. கோவிலுக்குள் எச்சில் துப்பச் சொன்னால் வாய் எப்படி மறுக்குமோ அப்படி. சைக்கிளை விளிம்புப் பக்கம் திருப்பினாள்.

அந்த விளிம்பைப் பற்றி அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. வலப்பக்கம் பார்க்காதே, புள்ளியைப் பார், அடுத்த புள்ளியைப் பார் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். ஒரு புள்ளி வெயிலில் உரிந்து போயிருந்தது. அதைத் தேடி நின்றபோது முன்சக்கரத்துக்கு அப்பால் பாறை இல்லை. வானம் இருந்தது. அங்கிருந்து சைக்கிளைப் பின்னுக்கு இழுக்க எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினாள். ஓரிடத்தில் வாந்தி எடுத்தாள். இடப்பக்கம் அந்தக் கறுப்பு வெளி முழுதும் அவளோடு கூடவே வந்தது, தட்டையாக, பத்திரமாக.

கழுத்து வந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டாள். ஒரு ஆள் குறுக்கே படுத்தால் தலையும் காலும் வெளியே நீட்டிக்கொள்கிற அகலம். இருபது தப்படி நீளம். ரூலன் அதன்மேல் சைக்கிளிலேயே போய்வருவான். அவள் கையும் முழங்காலும் ஊன்றி, பாறையில் முகம் உரசத் தவழ்ந்தாள். நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்தபோது கீழே ஒரு அண்டங்காக்கை வட்டமிட்டது. அதன் முதுகு தெரிந்தது. பறவையின் முதுகை மேலிருந்து பார்க்கிற இடத்தில் மனுஷிக்கு என்ன வேலை என்று தோன்றியது. உடம்பு மொத்தமும் பாறையோடு அப்பிக்கொண்டு நகர மறுத்தது. ரூலனின் கொட்டாவியை நினைத்தாள். நகர்ந்தாள்.

முனையில் உட்கார்ந்தபடி முயன்றாள். கோடு இல்லை. மண்டியிட்டாள். ஒரு கோடு வந்து போயிற்று. பிறகு எழுந்து நின்றாள். காற்று சட்டைக்குள் புகுந்து அவளைக் கொடிபோலப் படபடக்க வைத்தது. காலணிக்கடியில் மணல் நறநறத்தது. இரண்டு கோடுகள்.

மாவட்ட அவசர உதவி எண்ணில் அழைப்பை எடுத்தவள் ட்வைலா. தேவாலயப் பாடகர் குழுவில் மார்னிக்குப் பின்வரிசையில் நின்று பாடுபவள். குரலைக் கேட்டதுமே தெரிந்துகொண்டாள்.

"மார்னி, நான் ட்வைலா. மொதல்ல மூச்ச விடு. விட்டுட்டுச் சொல்லு."

மார்னி சொன்னாள். ட்வைலா குறுக்கே பேசாமல் கேட்டாள். இடத்தோள் என்றதும் மறுபக்கத்தில் தட்டச்சுச் சத்தம் வேகமானது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாயா, கல்லாக இருக்கிறதா என்று கேட்டாள். தொடவில்லை என்றாள் மார்னி. எதுவும் குடிக்கக் கொடுத்துவிடாதே என்றாள். ஒரு முழுப் போத்தல் கொடுத்துவிட்டேன் என்றாள் மார்னி. ட்வைலா அதையும் பதிந்துகொண்டாள். ஹெலிகாப்டர் கிளம்புகிறது, நாற்பது நிமிடம் ஆகும், மரத்தடியில் வெறும்பாறை இருக்கிறதல்லவா, அங்கே இறங்கிக்கொள்வார்கள் என்றாள்.

"அவன்கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"அப்ப இன்னும் ஏன் என்கிட்ட பேசிட்டு நிக்கிற? ஓடு, கண்ணு."

கழுத்தை அவள் எப்படித் திரும்பக் கடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. நடந்திருக்க வேண்டும். முழங்காலில் புதிதாகச் சிராய்ப்பு இல்லை. சைக்கிள் கிடந்த இடத்தையும் தாண்டிவிட்டாள். மரம் எதிரே தெரிந்தது. மரத்தடியில் அவளுடைய சிவப்பு மேல்சட்டை ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அந்தச் சிவப்பு அசையவில்லை. அவள் ஓடினாள், நேராக. காய்ந்த ரொட்டி ஓரம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் ஒவ்வொரு எட்டிலும் காலடியில் கேட்டது. பாதி தூரம் வந்த பிறகுதான் அது என்ன சத்தமென்று புரிந்தது. நிற்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் மரத்தடிக்கு வந்துவிட்டாள். போனபோது விளிம்பில் மட்டும் இருபது நிமிடத்துக்குமேல் ஆகியிருந்தது.

ரூலன் கண்ணைத் திறந்துதான் இருந்தான். அவள் வருவதை அவன் முழுக்கப் பார்த்திருந்தான். அவளையும் பார்த்தான், அவளுக்குப் பின்னால் கறுப்பு வெளியில் விழுந்திருந்த வெளிறிய குழிகளின் வரிசையையும் பார்த்தான்.

"குறுக்க வந்துட்ட" என்றான்.

"வந்துட்டேன். வர்றாங்க ரூலன், நாப்பது நிமிஷம்."

"போறப்ப?"

"சுத்தித்தான் போனேன். நீ சொன்னியே."

அவன் அவள் கையைத் தேடினான். விரல்கள் ஈரமாக, கனமில்லாமல் இருந்தன.

"ஐயோ, சின்னவளே" என்றான். "நான் சும்மா சொன்னேன்."

அதற்குப் பிறகு அவன் பேசினான், ஆனால் அவளோடு அல்ல. யாருடைய பண்ணையிலோ ஒரு எந்திரத்தின் வால்வைப் பற்றிச் சொன்னான். அவள் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருந்தது. மேற்கே பாறைகள் செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வண்டுச் சத்தமும் ஹெலிகாப்டராகக் கேட்டது. நிஜமாகவே அது வந்தபோது அவளால் நம்ப முடியவில்லை. அவனைத் தூக்கிப்போனவர்கள் அன்பானவர்கள், வேகமானவர்கள். அதில் அவளுக்கு இடமில்லை என்றார்கள். நகரத்து மருத்துவமனைக்குப் பன்னிரண்டு நிமிடப் பறப்பு. ஒன்பதாவது நிமிடத்தில் அவன் இதயம் நின்றது. மண்ணீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது. கால் டாலர் அளவுச் சிவப்புக்குப் பின்னால்.

அடக்கத்துக்குப் பிறகு ஊர்ப் பெண்கள் வழக்கம்போல உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட தட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ட்வைலாவும் ஒன்று கொண்டுவந்தாள். சமையலறையில் தனியாக இருந்தபோது மார்னி அவளிடம், அழைப்பு பதிவான நேரம் என்ன என்று கேட்டாள். நான்கு மணி இரண்டு நிமிடம். ட்வைலா சொன்ன பிறகுதான் எதற்காகக் கேட்கிறாள் என்று புரிந்து, தட்டை மேசைமேல் வைத்தாள்.

"அந்தக் கணக்குக்குள்ள போகாத, மார்னி. போனவங்க யாரும் வெளிய வந்ததில்ல."

மருத்துவரிடமும் கேட்டாள். குறுக்கே போய்க் கால்மணி நேரம் முந்தியிருந்தால் என்று கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். அது நல்ல மனிதர்கள் சொல்கிற பதில். அவளுக்கு உயரத்தின் பயம் அந்த முனையோடு போய்விட்டது. பேருந்தை மலைச்சாலையில் முன்னைவிட நிதானமாக ஓட்டுகிறாள். இப்போது அவள் பயப்படுவது அந்தக் கால்மணி நேரத்துக்குத்தான். விடிகாலையில் காப்பிப் பாத்திரம் சூடேறக் காத்திருக்கும்போதும், பிள்ளைகள் ஏறி முடிக்கக் கதவைத் திறந்து வைத்திருக்கும்போதும் அது பின்னால் வந்து நிற்கும்.

அடுத்த அக்டோபரில் பாதை பராமரிப்புக் குழுவின் தலைவர் ஓடெல் தொலைபேசியில் அழைத்தார். ரூலனோடு இருபது வருடம் மண்வெட்டி பிடித்தவர். உரிந்த புள்ளிகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்றார். நீ வரவேண்டாம், சொல்லாமல் போனதாக இருக்கக்கூடாது என்றுதான் அழைத்தேன் என்றார். மார்னி தானும் வருவதாகச் சொன்னாள்.

விளிம்பில் இருந்த புள்ளிகளை அவள்தான் அடித்தாள். அன்று காணாமல் தேடிய புள்ளிக்கு இரண்டு பூச்சு கொடுத்தாள். மதியம் மரத்தடிக்கு வந்தபோது, டென்வர் நகரத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த ஒரு இளம் ஜோடி கறுப்பு வெளியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு வருடம் ஆகியும் குழிகள் நேற்று விழுந்தவைபோல இருந்தன. பையன் தலையை ஆட்டினான்.

"பாருங்க இத. எந்த அறிவுகெட்ட ஜென்மமோ."

ஓடெல் இருமினார். மார்னி பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"நான்தான்" என்றாள்.

பையனின் முகம் சிவந்துபோயிற்று. அந்தப் பெண் மட்டும் குனிந்து தடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கவனமாகப் பார்க்கிற பெண்.

"எல்லாக் காலும் இந்தப் பக்கம் பார்த்துத்தான் இருக்கு" என்றாள். "நீங்க அங்க போன தடம் எங்க?"

"போறப்ப சுத்திப் போனேன்."

"ஏன்?"

"மிதிக்காதேன்னு எங்கண்ணன் சொன்னான்" என்றாள் மார்னி. "சும்மாதான் சொன்னானாம்."

 இப்படிப்பட்ட தடத்தைப் பார்த்து இன்னொருவர் வழியென்று நினைத்து நடந்துவிடாமலிருக்க, அது தொடங்கும் இடத்தில் காய்ந்த கிளைகளைப் போட்டு மறைப்பது அங்கே வழக்கம். ஓடெல் ஒரு ஜூனிப்பர் கிளையை இழுத்து வந்திருந்தார். போடட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். மார்னி அதை வாங்கிக்கொண்டாள். பாறையை விட்டு இறங்காமல், எட்டிக் குனிந்து, மரத்தடிக்கு மிக அருகில் இருந்த கடைசிக் காலடியின்மேல் வைத்தாள். காற்றில் நகராமலிருக்க ஒரு கல்லையும் வைத்தாள்.